மூன்று அழுத்து

மூன்று தடவையா ஐந்து தடவையா என்பதுதான் தனகோட்டிக்குப் பிடிபடவில்லை. பேரணாம்பட்டு பேருந்து நிலையத்தில் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்தாயிற்று, வண்டி கிளம்பிக் கடைவீதியைத் தாண்டியாயிற்று, வேலூருக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று, மனசு மட்டும் வீட்டில் பீரோவின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. குளித்தது இரண்டு தடவை, அது நிச்சயம். இரண்டாம் தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்ததும் நிச்சயம். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பீரோவைத் திறந்து, பவுனுவின் கல்யாணப் புடவைக்கும் தன் பட்டு வேட்டிக்கும் நடுவே அட்டைப்பெட்டியோடு படுத்திருக்கிற சென்ட் பாட்டிலை எடுத்தார், அதிலும் சந்தேகமில்லை. கழுத்தின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, சட்டைக் காலருக்கு உள்ளே ஒன்று. மூன்று அழுத்து. பவுனு வகுத்துக் கொடுத்த அளவு அது, பதினாறு வருஷமாக மாறாத அளவு. ஆனால் போன் அடித்தது இரண்டாவது அழுத்தின்போதா, மூன்றாவது முடிந்த பிறகா? பேசி முடித்தபோதும் பாட்டில் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அழுத்தியது எத்தனை? இரண்டாக இருந்தால் மொத்தம் ஐந்து. இல்லை, போனுக்கு முன்னால் மூன்றும் முடியவில்லை என்றால் நான்கு. ஏழுகூட இருக்கலாம். மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு சங்கதியா? கழுத்துப் பக்கம் மூக்கைத் திருப்பி ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. தனகோட்டியின் மூக்கு, மூக்குக் கண்ணாடி வழுக்கி விழாமல் இருக்க மட்டும் உதவுகிற மூக்கு. வேறு எந்த வேலைக்கும் அது ஆகாது.

போனில் பவுனு சொன்னது இவ்வளவுதான். "இன்னாங்க, கெளம்பிட்டீங்களா? நிரோஷாவுக்கு ஜுரம் இன்னும் உடல. நாலு நாளா கொழந்தைய மார்ல வெச்சி வெச்சி எனுக்கு முதுகு கழண்டுபோச்சு. வேற யார்னா கீறாங்களான்னு நர்ஸம்மா கேட்டாங்க. தாத்தா கீறாரு, நல்லா அகலமான மாருன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்க." அவர் வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள். மகள் நிரோஷாவின் வயிற்றில் பேத்தி பிறந்து ஆறு நாள். எட்டாம் மாசத்திலேயே என்ன அவசரமோ, ஒன்றரைக் கிலோவில் வந்து விழுந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாயிற்று, இனி ஆள் மாற்றி ஆள் வெறும் மாரோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சூட்டில்தான் எடை ஏறும் என்கிறார்களாம். பெற்றவன் விமல்ராஜ் ஷார்ஜாவில் இருக்கிறான், அவனுக்கு லீவு அடுத்த மாசம்தான். தனகோட்டி ஆறு நாளாகப் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆள் இல்லை, சூப்பர்வைசர் விடமாட்டேன் என்கிறார் என்று தினம் ஒரு புளுகு. அந்த மனுஷன் முதல் நாளே, பேத்தி பொறந்திருக்கா, இங்க நின்னுக்கினு இன்னாய்யா பண்ற என்று விரட்டிவிட்டிருந்தார். பயம்தான், வேறொன்றும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று இன்றைக்குத்தான் துணிந்தார். பார்த்தால் மாரில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தப் பிஞ்சின் முகம் வந்து படப்போகிற இடம். முப்பத்தைந்து வருஷமாகத் தோல் நாற்றம் ஊறிக் கிடக்கிற இடமும் அதுதான். அவள் தாத்தாவை முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அந்த நாற்றத்திலா? போனை வைத்த கையோடு பனியனைத் தூக்கி நெஞ்சிலேயே சென்ட்டை அழுத்தினார். இரண்டா, மூன்றா, நான்கா? இன்றைக்குப் பார்த்து, மோந்து சொல்ல வீட்டில் ஒரு ஜீவன் இல்லை.

தன் மூக்கு எந்தத் தேதியில் செத்தது என்று அவருக்கே தெரியாது. காது போனால் யாராவது கத்துவார்கள், கண் போனால் எங்காவது முட்டிக்கொள்ளலாம். மூக்கு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. பத்தொன்பது வயதில் தோல் ஷாப்பில் சேர்ந்தபோது தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியின் பக்கம் போனாலே குடலைப் புரட்டியது. பிறகு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பழகவில்லை, போய்விட்டது. அது தெரிந்தது நிரோஷா ஆறாவது படிக்கும்போது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, ஆசையாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் கடைசிவரை வேறு யாரும் உட்காரவில்லை. முதல் வரிசை என்றால் ஜனங்களுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார், பாவம். திரும்பி வரும் வழியில் நிரோஷா ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டே, "நைனா, அடுத்த தபா அம்மாவே வரட்டும்" என்றாள். முகத்தைச் சுளிக்கவில்லை, கோபப்படவில்லை, அவருக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. அன்று சாயங்காலம் பவுனுவிடம், "எம்மேல நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியலியா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கற்பூரத்தைக் கொண்டுவந்து மூக்கருகில் காட்டினாள். பூண்டை நசுக்கிக் காட்டினாள். மண்ணெண்ணெய்ப் புட்டியைத் திறந்து காட்டினாள். கடைசியில் புட்டியை மூடிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் அமானுல்லா பாயின் கடைக்குப் போனார். அத்தரும் சென்டும் விற்கிற சின்னக் கடை. பாய் காகிதத் துண்டில் ஒவ்வொன்றாகத் தொட்டு நீட்ட, தனகோட்டி மூக்கில் வைத்துத் தலையை ஆட்டினார். முதலாவது பரவாயில்லை என்றார், இரண்டாவது கொஞ்சம் காட்டம் என்றார், மூன்றாவதை இதுதான் பாய், பிரமாதம் என்றார். மூன்றாவது வெறும் காகிதம். பாய்க்குச் சந்தேகம் தட்டி எதிலும் தொடாமல் நீட்டியிருந்தார். இன்னொருவராக இருந்தால் கடைவீதி முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். பாய் எதையும் காட்டிக்கொள்ளாமல், "அண்ணே, உங்களுக்கு நான் எடுத்துத் தரேன்" என்று அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். அன்றைக்கு அவர் சொன்ன புத்திமதி எல்லாம் தனகோட்டிக்கு இன்றைக்கும் மனப்பாடம். குளித்த உடம்பில்தான் போட வேண்டும், வேர்வைமேல் போட்டால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும், அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் வாசனை நசுங்கிவிடும். கழுத்து நரம்பு துடிக்கிற இடத்தில் போட்டால் உடம்புச் சூட்டில் நின்று வரும். வெயில் படாமல் வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் புத்திமதியைத்தான் அவர் காற்றில் விட்டார். இரண்டாவது பாட்டிலைக் குளிக்கிற அறையின் ஜன்னல் மேடையில் வைக்க, கோடை வெயிலில் அது டீ டிகாஷன் நிறத்துக்குப் போய்விட்டது. நிறத்தில் என்ன இருக்கிறது என்று அவர் பாட்டுக்கு அழுத்திக்கொண்டு போனார். அப்போது பவுனு தங்கச்சி வீட்டு விசேஷத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தாள். பத்து நாள் கழித்து வந்தவள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பத்து நாள்! ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்க வீடு. எங்கேயும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நாற்றமே அப்படித்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பாட்டில் பீரோவுக்குள் போயிற்று, அன்றிலிருந்து பவுனுவின் பரிசோதனையும் ஆரம்பித்தது. வெளியே கிளம்பும்போதெல்லாம் அவர் வாசற்படியில் நிற்க, அவள் வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை, காலரில் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "சரி" என்பாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால்தான் செருப்பில் கால் நுழையும்.

குடியாத்தம் வந்தது. ஒரு பெண் இடுப்பில் இரண்டு வயதுப் பையனோடு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லிகை. வெள்ளையாகத் தெரிகிறது, அடர்த்தியாகக் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. மல்லிகை எப்படி மணக்கும் என்று யோசித்துப் பார்த்தார். பேர் வந்தது, வாசனை வரவில்லை. முகம் நினைவிருக்கிறது, குரல் நினைவிருக்கிறது, செத்துப்போன அம்மாவின் கைச்சூடுகூட நினைவிருக்கிறது, வாசனை மட்டும் எங்கேயும் தங்கவில்லை. அந்தப் பையன் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு தும்மினான். குழந்தை என்றால் தும்மத்தான் செய்யும். சளியாக இருக்கும். மல்லிகையாகக்கூட இருக்கலாம். பையன் மறுபடி தும்மினான். அந்தப் பெண் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, அவரை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஒரு சாண் அவருக்கு நன்றாகத் தெரிந்த தூரம். பதினாறு வருஷமாக மூக்குக்குப் பதில் கண்ணால் மோந்து பழகியவர் அவர். எதிரே நிற்கிறவர்களின் மூக்கு நுனி, புருவம், ஜன்னலைத் திறக்கிற வேகம், எல்லாவற்றுக்கும் அவரிடம் அர்த்தம் உண்டு. தோல் நாற்றத்துக்கு ஜனங்கள் மூச்சை அடக்குவார்கள். சென்ட் தூக்கலானால் மூக்கைத் தேய்ப்பார்கள். இந்தப் பெண் எதைச் செய்தாள்? தேய்த்தாளா, அடக்கினாளா? பையன் மூன்றாம் தடவை தும்மியபோது தனகோட்டி, காத்து வாங்கணும் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு எழுந்து பின்வாசல் படிப்பக்கம் போய்விட்டார். கண்டக்டர் அவரைக் கடக்கும்போது நின்று ஒரு இழுப்பு இழுத்து, "இன்னா பெரியவரே, தூக்குது! பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள், ஏழு, ஏழேதான், சந்தேகமே இல்லை என்று அடித்துக்கொண்டார்.

படியருகே காற்று முகத்தில் அறைந்தது. சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு நெஞ்சைக் காற்றுக்குக் காட்டினார். போகட்டும், கொஞ்சமாவது போகட்டும். முழுக்கவும் போய்விடக் கூடாது. அதுதான் இதில் சிக்கல். முழுக்கப் போனால் அடியில் இருப்பது மேலே வரும். அடியில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது, ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, பஸ்ஸில் ஏறுகிற இறங்குகிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, அவருடைய சொந்த உடம்பைப் பற்றியது, அவருக்கு மட்டும் தெரியாது. இரண்டு வயதுப் பையன் தும்மினால் மூக்கைத் துடைத்துவிடலாம். ஒன்றரைக் கிலோ தும்முமா? தும்மத் தெம்பு இருக்குமா? அதன் மூக்கு எத்தனை பெரிதாக இருக்கும், ஒரு மிளகு அளவு இருக்குமா? அந்த மிளகை ஏழு அழுத்து சென்ட்டின்மேல் கொண்டுபோய் வைத்தால்? மூச்சு முட்டிப்போனால்? சட்டென்று ஷாப்பில் தோல் சுழற்றுகிற டிரம்முக்குள் இறங்கி, வாயு முட்டி மயங்கி விழுந்த பலராமன் நினைவுக்கு வந்தான். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். அவன் பிழைத்துக்கொண்டான், இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். பேசாமல் பள்ளிகொண்டாவில் இறங்கி அடுத்த வண்டியில் ஊருக்குத் திரும்பிவிட்டால் என்ன? சூப்பர்வைசர் விடவில்லை என்று சொல்லிவிடலாம். பவுனு நம்பமாட்டாள், ஆனால் கேட்கவும் மாட்டாள். அவளுக்கு முதுகு கழண்டுபோச்சாம். பள்ளிகொண்டா வந்தது. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லாரும் இறங்கினார்கள். அவர் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். வண்டி நகர்ந்தபோது, நல்லவேளை, காலுக்கு நம்மைவிடப் புத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பிஞ்சுக் குழந்தைகளின் வார்டு இரண்டாவது மாடியில் இருந்தது. வெளியே பவுனு நின்றிருந்தாள். தலை கலைந்து, கண் உள்ளே போய், ஆறு நாளில் ஆறு வயது கூடியிருந்தாள். அவர் இரண்டு எட்டு தள்ளி நிற்கும்போதே அவள் கை தானாக மூக்குக்குப் போயிற்று. மூக்கைத் தேய்த்தாள். அடக்கவில்லை, தேய்த்தாள். "எத்தினி அடிச்சீங்க?" என்றாள். "தெர்ல, பவுனு" என்றார். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்துவிட்டாள். சின்னப் பெண், நிரோஷா வயதுதான் இருக்கும். "நிரோஷா அப்பாவா? ஐயா, சென்ட்டோட உள்ள வரக் கூடாதுங்க." அவர் திரும்பிப் போவதற்கே தயாராகிவிட்டார். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட எட்டிப் பார்த்தது, அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. நர்ஸ் விடவில்லை. "அந்தக் கொழந்தைக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது. மூக்குதான் எல்லாம். யாரு புடிச்சிருக்காங்கன்னு வாசனைய வெச்சித்தான் கண்டுபுடிக்கும். இதோட புடிச்சீங்கன்னா உங்கள அதுக்கு எப்படித் தெரியும்? போய் வெந்நீர்ல துணிய நனச்சி நல்லா தொடச்சிக்கோங்க. மார்ல சோப்புகூட வாணாம்." தனகோட்டி சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் தோல் ஷாப்புல வேல செய்றேம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் இந்தக் குரலில் சொன்னதில்லை. "சரி, செய்ங்க. இப்ப போய்த் தொடச்சிக்கினு வாங்க" என்றாள் அந்தப் பெண், கையில் இருந்த துண்டை நீட்டி.

கழுவுகிற இடத்தில் பவுனு துணியைப் பிழிந்து பிழிந்து அவர் நெஞ்சைத் துடைத்தாள். கழுத்து, காதின் பின்புறம், தோள். தோல் சிவந்துபோயிற்று. "போச்சா?" என்றார். "சென்ட்டு போச்சு" என்றாள். அடியில் இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு எழவில்லை. முன்பக்கம் திறந்த பச்சை அங்கியைப் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நிரோஷா ஜுரத்தில் கண்ணைத் திறந்தும் மூடியும் படுத்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். மறுபடியும் பள்ளிக்கூடத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. இன்றைக்கு எழுந்து போகவும் வழியில்லை. நர்ஸ் ஒரு சின்னத் தொப்பியையும் அதற்குள் ஒரு முகத்தையும் கொண்டுவந்து, வெறும் உடம்பாக, அவர் நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள். கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. அவர் கை குழந்தையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. "இறுக்கிப் புடி நைனா, ஒண்ணும் ஆவாது" என்றாள் நிரோஷா. அவர் பிடித்தார். பிடித்துக்கொண்டு, பதினாறு வருஷமாகப் பழகிய பார்வையால் அந்த முகத்தைப் படிக்க ஆரம்பித்தார். மூக்கு மிளகைவிடக் கொஞ்சம் பெரிதுதான். அந்த மூக்கு அசைந்தது. இரண்டு துளைகளும் விரிந்து சுருங்கின. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. இந்தச் சுருக்கம் அவருக்குத் தெரியும், பஸ்ஸில் தெரியும், கல்யாண வீடுகளில் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முகம் இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், அப்புறம் அழும். முகம் திரும்பியது, உள்பக்கமாக. கன்னத்தை அவர் மாரில் அழுத்திக்கொண்டு, மூக்கு அவர் தோலில் படும்படி வைத்துக்கொண்டு, சுருக்கம் அவிழ்ந்து, தூங்கிப்போனாள்.

தனகோட்டிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை காலியில்லை. பச்சைக் குழந்தையின் உச்சந்தலை ஒரு தனி வாசனை என்று எல்லாரும் சொல்கிறார்களே, நிரோஷா பிறந்தபோது அவரும் மோந்திருப்பாரே, அது எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "பவுனு, இவ வாசன எப்டிக் கீது? எனுக்குச் சொல்லு" என்றார். பவுனு குனிந்து தொப்பியை விலக்கி உச்சியில் மூக்கை வைத்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். "பாலு வாசன. அப்பறம் பச்ச வாசன ஒண்ணு, எப்டிச் சொல்றதுன்னு தெர்ல. இப்ப கொஞ்சம் உங்க வாசனையும் ஒட்டிக்கிச்சு." தனகோட்டி "ஐயோ" என்றார், குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாக. பவுனு அவர் கழுத்தின் வலப்பக்கம் குனிந்து மோந்தாள், இடப்பக்கம் மோந்தாள், காலர் இருக்க வேண்டிய இடத்தில் பேத்தியின் தலையோடு சேர்த்து ஒரு தடவை மோந்தாள். பிறகு நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, "சரி" என்றாள்.